நூற்று இருபத்தொன்றாவது கண்ணி

கடையக்காவை அக்கா என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். நூல், பொத்தான், பாசிமணி, குரோஷா ஊசி என்று கைவேலைச் சாமான் விற்கிற கடையில் வயதை யார் பார்க்கிறார்கள்? மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இந்த நீலம் வேண்டாம், ரெண்டு துவைச்சலுக்குத் தாங்காது, அந்தப் பக்கம் பாருங்க" என்று கண்டிப்பாகச் சொல்கிறவள் எவளோ அவள்தான் அக்கா. இப்படிச் சொல்லிச் சொல்லியே இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். நீங்கள் சொல்வது தப்பு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஒரே ஒருத்தி சொன்னாள். அவள் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்ட கடையக்கா, காதும் காதும் வைத்த மாதிரி ஒரு துப்பறியும் நாவல் எழுதிவிட்டாள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி வரைக்கும் கடைப் பக்கம் ஈ, காக்கை எட்டிப் பார்க்காது. அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு நாலு வருஷத்தில் முடித்தாள். ஒரு சின்னப் பதிப்பகம் 'நூலோடு போன உயிர்' என்று பேர் வைத்துப் புத்தகமாகப் போட்டது. தன் பேரில் எழுத வெட்கம். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து, உனக்கெல்லாம் கைவேலை வராது என்று சொன்ன டீச்சரின் பேரைப் புனைபெயராகப் போட்டுப் பழி தீர்த்துக்கொண்டாள்.

கதையில் துப்பறிகிறவளும் ஒரு கைவேலைக் கடைக்காரிதான். நம்மவளைவிடப் பதினைந்து கிலோ குறைவு, கூடவே ஒரு பூனை. பணக்காரக் கிழவி ஒருத்தி சாய்வு நாற்காலியில் செத்துக் கிடக்கிறாள். மடியில் சங்கிலிக் கண்ணி மட்டும் போட்டுத் தொடங்கிய குரோஷா சால்வை, ஊசிகூட உருவப்படாமல் அப்படியே. கிழவியின் சொந்தக்காரியான மருந்துக் கடைக்காரி போலீசிடம் சொல்கிறாள்: "நான் நூத்தி இருபது சங்கிலி போட்டுக் கொடுத்துட்டு உடனே கிளம்பிட்டேன். அப்போ அவங்க உயிரோடதான் இருந்தாங்க." துப்பறியும் கடைக்காரி பூதக்கண்ணாடியை வைத்து அந்தச் சங்கிலிக் கண்ணிகளை எண்ணுகிறாள். நூற்று இருபத்தொன்று. மாத்திரை எண்ணுவதையே தொழிலாக வைத்திருக்கிறவளுக்கு ஒன்று கூடுமா? கூடாது. அப்படியென்றால் கிழவி செத்த பிறகும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொன்று போட்டிருக்கிறாள். போட்டதையும் மறைக்கிறாள். பிடியுங்கள், அடையுங்கள். கடைசிப் பக்கத்தில் துப்பறியும் கடைக்காரி டீ குடிக்கிறாள், பூனை சோம்பல் முறிக்கிறது.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையெழுத்துப் பிரதியைக் கணினியில் ஏற்றிக் கொடுத்ததும் அவர்தான். முடித்துவிட்டு அவர் சொன்ன விமர்சனம் இரண்டே வரி.

"கொலைகாரி யாருன்னு நாலாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சுடுச்சு."

"அது எப்படிங்க? நான் கடைசி வரைக்கும் மூடில்ல வச்சிருக்கேன்?"

"மருந்துக் கடைக்காரி மூக்குக்கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு வீடு முழுக்க அதைத் தேடுறா. என் தங்கச்சிய விட்டா உலகத்துல வேற யாரு அப்படித் தேடுவா? அவ படிச்சா என்ன பதில் சொல்லுவே?"

கடையக்கா பிரதியைப் பிடுங்கி நாலாவது அத்தியாயத்தைப் புரட்டினாள். கறுப்பை வெளுப்பாக்கி, நெட்டையைக் குட்டையாக்கி, ஆஸ்பத்திரி லேபை மருந்துக் கடையாக்கி என்னென்னவோ மாற்றினாள். பாழாய்ப் போன கண்ணாடியை மட்டும் எப்படி விட்டாள்? ஆனாலும் எழுதினதைத் திருத்த மனசு வரவில்லை, சமாளித்தாள். "உங்க தங்கச்சி எங்கே கதைப் புத்தகம் படிக்கப் போறா? அவளுக்கு மைக்ராஸ்கோப்புல பாக்கவே நேரம் பத்தல."

நாத்தனாருக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து, சிவப்பு இத்தனை, வெள்ளை இத்தனை என்று இருபத்தைந்து வருஷமாக எண்ணுகிறாள். மிஷின் வந்த பிறகும், மிஷின் குழம்பினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அண்ணி என்றால் அவளுக்கு உயிராக இருந்த காலம் ஒன்று உண்டு. அது ஆறு வருஷத்துக்கு முன்னால்.

சனிக்கிழமை சாயந்திரம் கடையில், ரிட்டயரான பஸ் கண்டக்டர் சாரும் சேர்த்து, நாலு பேர் கூடி உட்கார்ந்து குரோஷா பின்னுவது வழக்கம். எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர் அம்மாவுக்குப் பேரன் பிறந்திருந்தான். எல்லாருமாகச் சேர்ந்து அந்தக் குழந்தைக்கு ஒரு போர்வை பின்னிக் கொடுப்பது என்று முடிவானது. ஆளுக்கு ஒரு துண்டு, எண்பது சங்கிலியில் தொடக்கம், ஆறு கண்ணிக்கு ஒரு பூ. நாலு துண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துத் தைத்தால் பூ வரிசையாக இறங்க வேண்டும். மூன்று துண்டு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி பொருந்தியது. நாத்தனாருடைய துண்டில் மட்டும் கடைசிப் பூ ஒரு கண்ணி தள்ளி நின்றது.

"நீ தப்பா எண்ணிட்டே" என்றாள் கடையக்கா.

"இல்ல அண்ணி. நான் எண்ணினது எண்பதுதான். எண்ணிப் பாருங்க."

"மூணு பேருது சரியா இருக்கு, உன்னுது மட்டும் சரியில்லைன்னா யாரு மேல தப்பு? ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் எண்ணுறியா?"

சொல்லியிருக்க வேண்டாத வார்த்தை. சொன்னதோடு நின்றாளா? எல்லார் முன்னாலேயும் அந்தத் துண்டை எடுத்து, கடைசி முடிச்சை அவிழ்த்து, ஒரே இழு. மூன்று வாரத்து வேலை. பச்சை நூல் தரையில் சுருண்டு சுருண்டு விழுந்தது. நாத்தனார் குனிந்து அந்த நூலை உருண்டையாகச் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அந்தத் துண்டைக் கடையக்காவே மறுபடி பின்னினாள், அழகாகப் பொருந்தியது. அன்றிலிருந்து நாத்தனார் ஊசியைத் தொடவில்லை. மூன்று வருஷம் கடைக்கே வரவில்லை. அண்ணன்காரர் கெஞ்சிக் கூத்தாடியதில் மெல்ல வரத் தொடங்கினாள். வருவாள், மூலை நாற்காலியில் உட்காருவாள், மற்றவர்களுக்கு நூல் உருண்டை சுற்றிக் கொடுப்பாள், டீ குடிப்பாள், போவாள். அந்த மட்டுக்காவது வருகிறாளே என்று அவர் நிம்மதியாக இருந்தார். அவருக்கு இருப்பது ஒரே தங்கச்சி.

இந்த ஒட்டுப்போட்ட உறவில்தான், பார்த்துப் பார்த்து, ஒரு கொலைக் கேசைக் கொண்டு வந்து வைத்திருக்கிறாள் மகராசி.

புத்தகம் வெளியான பிறகு கடையக்காவுக்கு மத்தியான வேலை மாறியது. வாசகர்கள் அபிப்பிராயம் எழுதும் இணையதளம் ஒன்று உண்டு, அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் ஆள் ஒரு நட்சத்திரம் கொடுத்து, பார்சல் நனைந்து வந்தது என்று எழுதியிருந்தார். இரண்டாவது ஆள் ஐந்து நட்சத்திரம்: "அம்மாவுக்காக வாங்கினேன். அம்மா இன்னும் படிக்கவில்லை." ஒருவர் கொலை குறைவு, நூல் அதிகம் என்றார். அவருக்கு அடுத்தவர் நூல் வர்ணனை பிரமாதம், நடுவில் எதற்கு இந்தக் கொலையெல்லாம் என்றார். பூனை எந்தத் துப்பும் கண்டுபிடிக்கவில்லையே என்று ஒரு அம்மாள் அரைப்பக்கம் ஆதங்கப்பட்டிருந்தாள். இன்னொருத்தர், கதாநாயகி அறுபத்து மூன்று தடவை டீ குடிக்கிறாள், ஒருமுறைகூட டம்ளரைக் கழுவவில்லை என்று பக்க எண்ணோடு போட்டிருந்தார். கடையக்கா ஒவ்வொருத்தருக்கும் மனசுக்குள் பதில் சொல்லிச் சொல்லியே களைத்துப் போனாள்.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. பல் டாக்டர் அம்மா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"எல்லாருக்கும் ஒரு பரிசு வாங்கிட்டு வந்திருக்கேன். கைவேலைக் கடைக்காரி ஒருத்தி துப்பறியற கதை. நமக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. எல்லாரும் படிச்சுட்டு வாங்க, அடுத்த சனிக்கிழமை உட்காந்து பேசுவோம். கண்டக்டர் சார், இது உங்களுக்கு. இந்தாம்மா லேப், உனக்கு ஒண்ணு. கடையக்கா, உங்களுக்கில்லாமலா?"

தான் எழுதிய புத்தகத்தைத் தானே இரண்டு கையாலும் வாங்கி, "அட, அட்டை நல்லா இருக்கே" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அது பெரிய விஷயமில்லை. மூலை நாற்காலியில் நாத்தனார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பின்னட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கடையக்கா தன் புத்தகத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"இது அவ்வளவு நல்லா இல்லைன்னு கேள்விப்பட்டேனே" என்று மெல்ல ஆரம்பித்தாள். "வேற ஏதாவது படிக்கலாமே."

"யாரு சொன்னா?" என்றாள் பல் டாக்டர்.

"பொதுவா சொல்றாங்க."

எழுதினவளே தன் புத்தகத்தைத் தானே கரித்துக் கொட்டுகிற நிலைமை வேறு யாருக்காவது வந்திருக்குமா தெரியவில்லை. அப்படியும் பலிக்கவில்லை. நாத்தனார் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட புருஷன் சாப்பிட்ட கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். "மூணு வருஷம் நடையா நடந்து அவளைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார். "திட்டினா மறந்துடுவா. கொலைகாரியாக்கி அச்சுல போட்டா மறப்பாளா? இந்தத் தடவை போனா நான் போய்க் கூப்பிட முடியாது. எனக்கே முகம் இல்ல." அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தத் தளத்தில் ஒரு புது அபிப்பிராயம் ஏறியிருந்தது. பேர் போடவில்லை, 'ஒரு வாசகர்' என்றுதான் இருந்தது. நாலே நட்சத்திரம். ஐந்தாவதை எங்கே விட்டார் என்ற எரிச்சலோடுதான் கடையக்கா படிக்கத் தொடங்கினாள்.

"கதை நன்றாகப் போகிறது. ஒரு சந்தேகம். குரோஷாவில் சங்கிலி எண்ணும்போது ஊசிமேல் இருக்கிற கண்ணியை யாரும் எண்ணுவதில்லை. அது இன்னும் சங்கிலி ஆகவில்லை, ஊசியை உருவினால் அவிழ்ந்து போகிற கண்ணி அது. ஊசி உருவப்படவில்லை என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். ஆகவே துப்பறிகிறவள் எண்ணியது நூற்று இருபத்தொன்று என்றால், அங்கே இருந்தது நூற்று இருபதுதான். மருந்துக் கடைக்காரி சொன்னது சத்தியம். ஒரு நிரபராதியை உள்ளே தள்ளிவிட்டு இந்த அம்மாள் டீ குடிக்கிறாள்."

கடையக்காவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. வந்துவிட்டார் பெரிய மேதாவி. ஊசிமேல் இருக்கிறதை எண்ணாமல்? அதுதானே முதல் கண்ணி? இருபத்திரண்டு வருஷமாக எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "ஊசியில இருக்கறது ஒண்ணு, அடுத்தது ரெண்டு" என்று கையைப் பிடித்து எண்ண வைத்திருக்கிறாள்.

புதன்கிழமை பார்த்தால் அந்த அபிப்பிராயத்தின் கீழ் நாற்பது பதில். எல்லாரும் 'ஆமாம், எண்ணக் கூடாது' என்கிறார்கள். அதோடு விடவில்லை. மருந்துக் கடைக்காரி இல்லை என்றால் வேறு யார் கொலைகாரி? கிழவி வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது? ஊசி யார் கடையில் வாங்கியது? போலீசுக்கு முன்னால் வந்து நின்றது யார்? வியாழக்கிழமைக்குள் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். கொலை செய்தது துப்பறியும் கடைக்காரியேதான். வேண்டுமென்றே தப்பாக எண்ணி அப்பாவியின் தலையில் பழியைக் கட்டிவிட்டாள். ஆசிரியர் எவ்வளவு நுட்பமாக ஒளித்துவைத்திருக்கிறார். ஒரு பேராசிரியர், இப்படி வாசகனை நம்பி எழுதும் துணிச்சல் அபூர்வம் என்று எழுதினார். பார்சல் நனைந்தவர்கூட ஒரு நட்சத்திரத்தை ஐந்தாக மாற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பதிப்பாளர் போன் செய்தார். "எங்ககிட்டகூடச் சொல்லாம இப்படியொரு பொறி வச்சிருக்கீங்களேம்மா. நான் ரெண்டு தடவை படிச்சேன், எனக்கே பிடிபடல. எப்படிம்மா தோணுச்சு?"

"அது… தானா வந்துச்சு" என்றாள் கடையக்கா. பொய் இல்லை.

"ரெண்டாம் பாகம் எப்போ?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய பாராட்டு, எண்ணத் தெரியாததற்காகக் கிடைத்தது. அதையும் வாங்கிக்கொண்டாயிற்று. நன்றி என்று வேறு சொல்லியாயிற்று.

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஒரு வெள்ளை நூலை எடுத்தாள். அலமாரியிலிருந்து அச்சடித்த மாதிரிப் புத்தகங்களை இறக்கினாள். எந்த மாதிரியைப் பின்னினாலும் அவளுக்குக் கடைசியில் ஒரு கண்ணி குறையும். எப்போதுமே குறையும். அதற்கு அவளிடம் ஒரே விளக்கம்தான், அச்சுப்பிழை. ஓரத்தில் பென்சிலால் 'அ.பி.' என்று குறித்துவைப்பாள். குறைகிற கண்ணியைச் சரிக்கட்ட, கடைசிப் பூவைக் கொஞ்சம் நெருக்கிப் போடு என்று எல்லாருக்கும் ஒரு வித்தையும் சொல்லிக்கொடுத்திருந்தாள். இன்று ஊசியில் இருப்பதை விட்டுவிட்டு எண்ணிப் போட்டாள். பூ நெருக்கவே வேண்டியிருக்கவில்லை, கடைசிக் கண்ணியில் தானாகப் போய் உட்கார்ந்தது. இன்னொரு மாதிரி போட்டாள். அதுவும் உட்கார்ந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அ.பி., அ.பி., அ.பி. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு அச்சுக்காரன்கூடத் தப்பு செய்யவில்லை.

எல்லாருக்கும் அவள்தானே சொல்லிக்கொடுத்தாள். அதனால் எல்லாருடைய துண்டும் ஒரே மாதிரி ஒன்று குறைந்து, ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தியது. நாத்தனார் மட்டும்தான் லேபில் கூட வேலை செய்கிற ஒருத்தியிடம் கற்றுக்கொண்டாள். அந்தப் பச்சைத் துண்டு ஒன்றுதான் சரியாக இருந்தது. அதைத்தான் பிடித்து இழுத்தாள். ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் எண்ணுறியா என்று தன் குரலே தன் காதில் விழுந்தபோது கடையக்கா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். கதவை யாரோ தட்டினார்கள். திறக்கவில்லை.

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். பல் டாக்டர் அம்மா புத்தகத்தில் ஏழெட்டு இடத்தில் காகிதம் செருகி வைத்திருந்தாள். கண்டக்டர் சார் வழக்கம் போல முதல் ஆளாக வந்து ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ரிட்டயராகி எட்டு வருஷமாகியும் ஜன்னல் ஓர ஆசை போகவில்லை, வேலை பார்த்த நாளெல்லாம் நின்றே கழித்தவர். நாத்தனார் மூலையில் ஊதா நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. படித்தாளா, படிக்கவில்லையா? புருஷன் அன்றைக்குப் பார்த்துக் கடை விளக்கைப் பழுது பார்க்கிறேன் என்று ஏணிமேல் ஏறி நின்றுகொண்டார்.

"அதுல வர்ற சில்லறைக் கஞ்சன் போஸ்ட்மேன் இருக்கானே, எங்க மாடி வீட்டுக்காரன அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றார் கண்டக்டர். அது அவரேதான். கடையக்கா டீயைக் கலக்கினாள்.

"செத்துப்போன கிழவி பேசுற பேச்சு எங்க சம்பந்தியம்மாவேதான்" என்றாள் பல் டாக்டர். அது பல் டாக்டர். "ஆனா அந்தத் துப்பறியற கடைக்காரி மாதிரி ஒருத்திய நான் பாத்ததே இல்ல. என்ன பொறுமை, என்ன அடக்கம்."

"கடையக்கா மாதிரின்னு சொல்லலாமே?" என்றார் புருஷன் ஏணிமேலிருந்து.

"சேச்சே. தப்பா நினைக்காதீங்க கடையக்கா, அவ வேற ரகம்."

பிறகு பேச்சு அந்த அபிப்பிராயத்துக்கு வந்தது. பல் டாக்டர் போனை எடுத்து வாசித்தாள். கண்டக்டர் கேட்டுவிட்டுக் கையை உதறினார். "அந்த ஆளுக்குக் குரோஷாவே தெரியல. ஊசியில இருக்கறதை எண்ணாம எப்படி? கடையக்கா நமக்கு எப்படிச் சொல்லிக்குடுத்தாங்க? ஊசியில இருக்கறது ஒண்ணு. இங்க நாம மூணு பேரும் அப்படித்தானே எண்ணுறோம்?"

"அதான் நானும் நினைச்சேன்" என்றாள் பல் டாக்டர். "நாற்பது பேர் தப்பா சொன்னா சரியாயிடுமா? கடையக்கா, நீங்களே சொல்லுங்க."

ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், முடிந்துபோகும். ஊரெல்லாம் நுட்பம் என்று கொண்டாடுகிறது. இங்கே இவர்கள் தன்னைவிட உறுதியாகத் தன் தப்பைக் கட்டிக் காக்கிறார்கள். கடையக்கா டீத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏணிமேல் திருகாணி முறுக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"லேப், நீ ஒண்ணும் சொல்லலையே. நீ படிச்சியா?" என்றாள் பல் டாக்டர்.

நாத்தனார் நூல் சுற்றுவதை நிறுத்தவில்லை. "படிச்சேன். நல்லா எழுதியிருக்காங்க. யாரு கொலைகாரின்னு எல்லாரும் பேசுறாங்க. அந்த மருந்துக் கடைக்காரி என்ன ஆனா? அவ செய்யலைன்னு தெரிஞ்ச பிறகு யாராவது போய் அவளைக் கூட்டிட்டு வந்தாங்களா?"

"அது கதையில இல்லையே" என்றார் கண்டக்டர்.

"இல்லதான்" என்றாள் நாத்தனார்.

கடையக்கா தட்டைக் கீழே வைத்தாள். மேஜைக்குப் பின்னால் போய் வெள்ளை நூலையும் ஒரு ஊசியையும் எடுத்துக்கொண்டு மூலை நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"நான் இவ்வளவு நாளும் தப்பாத்தான் எண்ணிட்டு இருந்தேன். உங்க எல்லாருக்கும் தப்பாத்தான் சொல்லிக்குடுத்திருக்கேன். நேத்து எண்ணிப் பாத்தேன். ஊசியில இருக்கறது கணக்குல வராது."

"அப்போ என் பேரனோட போர்வை?" என்றாள் பல் டாக்டர்.

"அதுல நாம பின்னின மூணும் தப்பு. ஒண்ணுதான் சரியா இருந்துச்சு. அதைத்தான் நான் பிரிச்சேன்." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "உன்னைப் போய் அப்படிக் கேட்டேனே. நாக்கைப் பிடுங்கிக்கணும் போல இருக்கு. எப்படி எண்ணணும்னு நீ இவங்களுக்குச் சொல்லிக்குடு. எனக்கும்தான்."

நாத்தனார் ஊதா உருண்டையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். கண்ணாடியைத் தேடினாள். நெற்றியில் இருந்ததைக் கடையக்காவே மூக்குக்கு இறக்கிவிட்டாள். நாத்தனார் ஊசியை வாங்கி முதல் முடிச்சைப் போட்டாள்.

ஊசிமேல் இருந்த கண்ணியை விரலால் தொட்டுக் காட்டினாள். "இது பூஜ்யம்." அடுத்ததை இழுத்தாள். "இதுதான் ஒண்ணு."

இரண்டு, மூன்று என்று மற்றவர்களும் கூடவே எண்ணினார்கள். கண்டக்டர் பழைய பழக்கத்தில் பயணிகளைத் தலை எண்ணுகிற குரலில் எண்ணினார். எண்பதில் நிறுத்தினாள். தான் பன்னிரண்டு வருஷமாகப் பின்னியதெல்லாம் என்ன ஆவது என்று கண்டக்டர் கேட்டதற்கு, ஒன்றும் ஆகாது சார், ஒவ்வொன்றிலும் ஒன்று குறைவு, அவ்வளவுதான் என்றாள். பல் டாக்டர் அம்மா புத்தகத்தைத் திறந்து, அப்படியானால் அந்தக் கடைக்காரிதான் கொலைகாரி, இந்த எழுத்தாளர் பொல்லாத கெட்டிக்காரி என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

எல்லாரும் போன பிறகு நாத்தனார் மட்டும் பையை எடுக்காமல் நின்றாள்.

"நாலாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சுடுச்சு அண்ணி" என்றாள். "கண்ணாடி."

கடையக்காவுக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஏணி மெதுவாகக் கடைக்குப் பின்பக்கம் நகர்ந்தது.

"அந்த அபிப்பிராயத்தை எழுதினது நீதானே?"

"நான் எதுக்கு எழுதணும்? ஆறு வருஷத்துக்கு முன்னாடியே உங்க முகத்துக்கு நேரா சொன்னேன். எண்ணிப் பாருங்கன்னு சொன்னேன். நீங்க பாக்கல. பேர்கூடத் தெரியாத யாரோ எழுதினதும் எண்ணிப் பாத்திருக்கீங்க."

நாத்தனார் கைப்பையைத் திறந்து, எண்பது சங்கிலியை ஊசியோடு உள்ளே வைத்துக்கொண்டாள். அந்த ஊசியை அவள் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் கடையக்கா வெள்ளை நூல் உருண்டையையும் எடுத்து நீட்டினாள்.

"ரெண்டாம் பாகம் எப்போன்னு அந்தத் தளத்துல எல்லாரும் கேக்கறாங்களே. எழுதுவீங்களா?"

"எழுதணும்னுதான் இருக்கேன்."

"எழுதுங்க" என்றாள் நாத்தனார். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள். "அவளை முதல் பக்கத்துலயே வெளிய விட்டுடுங்க, அண்ணி. கடைசி அத்தியாயம் வரைக்கும் உள்ள உட்கார வைக்காதீங்க. அவ ஏற்கெனவே ஆறு வருஷம் இருந்துட்டா."